மோட்டார் வேண்டாம், சித்தப்பா வரட்டும்

கேள்வி: நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. என் சித்தப்பா 1984இல் கனடா போனவர். அங்கே தன் பிள்ளைகளோடு சின்ன ரொக்கெட் விட்டு, அதன் நுனியில் கெமரா பொருத்தி வானத்திலிருந்து படம் எடுப்பார். அந்தப் படங்களைக் கடிதத்தோடு எங்களுக்கும் அனுப்புவார். இன்றும் அவை ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. வரும் ஜனவரியில் சித்தப்பா ஊருக்கு வருகிறார். அந்த ரொக்கெட்டைக் கொண்டுவந்து என் பிள்ளைகளோடு தோட்டத்து மைதானத்தில் விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெட்டியில் 'எஸ்டெஸ் அஸ்ட்ரோகேம் 110' என்று இருக்கிறதாம். "மோட்டாரும் வாங்கி வரட்டுமா?" என்று கேட்கிறார். பதினான்கு வயது மகனோ, "ட்ரோன் இருக்கிற காலத்தில் இது எதுக்கு?" என்கிறான். எழுபது தாண்டிய மனிதரின் மனம் நோகக் கூடாது, பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வேண்டாம். இன்றைக்கே சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். இந்த ரொக்கெட்டைத் தள்ளுகிற மோட்டார் என்பது ஒரு காகிதக் குழாய். அதற்குள் இருப்பது இறுக்கி அழுத்திய கரிமருந்து. பயணிகள் விமானத்தில் அதைக் கைப்பையிலும் வைக்க முடியாது, பெட்டியிலும் போட முடியாது. இங்கேயும் வெடிமருந்துச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்த வகைச் சாமானை நாட்டுக்குள் இறக்குவது பெரிய சிக்கல். எழுபது வயது மனிதர் கட்டுநாயக்காவில் இறங்கியதும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்படி ஆகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பழைய ரொக்கெட்டின் உடல் குழாயில் கரிமருந்துப் புகை படிந்திருக்கும். விமான நிலையத்தில் துணியால் துடைத்துச் சோதிக்கும்போது அதுவே சந்தேகத்தைக் கிளப்பலாம். அதனால் குழாயை அங்கேயே விட்டுவிட்டு, கெமரா இருக்கிற நுனிப் பாகத்தை மட்டும் நன்றாகத் துடைத்துக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

சரி, மோட்டார் இல்லை என்றதும் ஊரில் யாராவது ஒருவர், "திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவரிடம் மருந்து வாங்கி நாமே செய்யலாமே" என்று கிளம்புவார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கு பிறந்த காரணமே அதுதான். 1950களில் அமெரிக்காவில் பையன்கள் வீட்டிலேயே மருந்து அடைத்து ரொக்கெட் விட்டுக் கை விரல்களையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், 1954இல் மருந்தைப் பிள்ளைகள் தொடவே தேவையில்லாத, ஒரு முறை பாவித்து எறிகிற மோட்டாரை உருவாக்கினார். 1958இல் வெர்ன் எஸ்டெஸ் அதை இயந்திரத்தில் செய்யத் தொடங்கினார். சித்தப்பாவின் பெட்டியில் இருக்கிற பெயர் இவருடையதுதான். உங்கள் சித்தப்பா கடையில் வாங்கியது அந்த வழியில் வந்த மோட்டார். வீட்டில் மருந்து இடிக்கப் போனால் அந்தப் பழைய ஆபத்துக்கே திரும்பிப் போவதாக ஆகிவிடும்.

அப்போ ரொக்கெட்டே விட முடியாதா? விடலாம். தண்ணீர் ரொக்கெட். தீயும் இல்லை, மருந்தும் இல்லை. சோடாப் போத்தல், சைக்கிள் பம்ப், தண்ணீர், அவ்வளவுதான். இரண்டாந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். மொரட்டுவை கட்டுபெத்தையில் இருக்கிற ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ரொக்கெட் போட்டி நடத்துகிறது. 2019இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட 'ராவணா 1' செய்மதியைச் செய்த பொறியியலாளர்களும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஒரு கிலோ அளவான அந்தச் செய்மதிக்குள்ளும் இலங்கையைப் படம் எடுக்க ஒரு சின்னக் கெமரா இருந்தது. இதை மகனிடம் சொல்லுங்கள்.

மகனுடைய கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்காதீர்கள். ட்ரோன் நல்ல கருவி. நின்று நிதானமாகப் படம் எடுக்கும். ஆனால் அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு, எடை, உயரம் என்று விதிகள் உண்டு, விலையும் உண்டு. முக்கியமாக, ட்ரோன் வாங்கினால் பிள்ளைகள் பார்வையாளர்கள். ரொக்கெட் செய்தால் வெட்டுவது, ஒட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் அவர்கள் கை. எனக்குக் கேட்டால் இந்த வயதுப் பையனுக்கு அதுதான் வேண்டும்.

சித்தப்பாவின் கெமரா எப்படி வேலை செய்தது என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். ரொக்கெட்டில் வைத்துப் படம் எடுப்பது நூறு வருடங்களுக்கு மேற்பட்ட யோசனை. ஜெர்மனியில் அல்ஃப்ரட் மவுல் என்ற பொறியியலாளர் 1900களின் தொடக்கத்திலேயே கெமராவை ரொக்கெட்டில் ஏற்றிப் பரசூட்டில் இறக்கினார். 1946 ஒக்டோபர் 24இல் நியூ மெக்ஸிக்கோவிலிருந்து ஏவிய வி-2 ரொக்கெட், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் வளைவைப் படம் பிடித்தது. எஸ்டெஸ் கம்பனி 1965இல் 'கேம்ரொக்' என்ற பிள்ளைகளுக்கான கெமராவைக் கொண்டுவந்தது. இருட்டில் ஒரு வட்டப் பிலிம் துண்டை உள்ளே வைக்க வேண்டும், ஒரு பறப்புக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1979இல் வந்த அஸ்ட்ரோகேம், '110' என்ற சின்ன ரகப் பிலிம் அடைத்த கார்ட்ரிட்ஜைப் போட்டுக்கொண்டது, வண்ணத்திலும் எடுக்கலாம். ஆனால் அதுவும் ஒரு பறப்புக்கு ஒரு படம்தான். ரொக்கெட் உச்சிக்குப் போய்த் தலை கவிழும் நேரத்தில், பரசூட்டை வெளியே தள்ளுகிற அதே சின்ன வெடிப்பு ஷட்டரையும் தட்டிவிடும். அந்த நொடியில் கெமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் படம். பிலிம் முடிந்து, கடையில் கொடுத்து, கழுவி வரும்வரை வானம் வந்ததா வயல் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் டின்னில் இருக்கும் படங்களை ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாக, மங்கலாக இருக்கும். 110 நெகட்டிவ் 13க்கு 17 மில்லிமீட்டர்தான், விரல் நகத்தின் அளவு. அதைப் பெரிதாக்கினால் அப்படித்தான் வரும். புல்வெளி ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் உங்கள் சித்தப்பாவும் அவர் பிள்ளைகளும்தான். அவர் வந்ததும் ஒவ்வொரு படமாக எடுத்து, எந்த இடம், எந்தப் புள்ளி யார் என்று கேளுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிவிடும். நம்முடைய மலைப்பக்க ஈரத்துக்குப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். படத்துக்குப் படம் வெள்ளைக் காகிதம் வையுங்கள். அவரிடம் நெகட்டிவ் இருந்தால் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்கேன் பண்ண அதுதான் நல்லது.

இனி ரொக்கெட். போத்தல் விஷயத்தில் சமரசம் வேண்டாம்: காற்றடைத்த பானம் வந்த ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தல் மட்டும். குடிதண்ணீர்ப் போத்தல் அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்தது, மடிந்தது, வெள்ளை பூத்தது எதுவும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அமுக்கமானி உள்ள பம்ப் கட்டாயம், 60 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. ஏவுதளத்துக்குப் போத்தல் வாய்க்குள் இறுக்கமாக நுழைகிற அரை இன்ச் பிவிசி பைப், டயர் டியூபில் வெட்டிய வால்வு, கழுத்து விளிம்பைக் கவ்விப் பிடிக்க வட்டமாகக் கட்டிய கேபிள் டைகள். அவற்றைச் சுற்றி ஒரு வளையம். கயிற்றால் வளையத்தைக் கீழே இழுத்தால் போத்தல் விடுபடும். கயிறு ஐந்து மீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றடித்த போத்தலின் மேல் யாரும் குனியக் கூடாது, பம்ப் அடிக்கிறவர் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஏவாமல் நின்றுவிட்டால் முதலில் தூரத்திலிருந்தே காற்றைத் திறந்துவிடுங்கள், பிறகுதான் கிட்டே போக வேண்டும். பைப்பில் அதற்கென்று ஒரு சின்ன வால்வை முதலிலேயே பூட்டிவிட்டால் வேலை சுலபம்.

கெமராவுக்கு, சாவிக்கொத்து அளவில் வருகிற சின்ன வீடியோ கெமரா போதும். இருபது கிராம் அளவில் கிடைக்கும். இரண்டாவது போத்தலின் மேல் பாதியை வெட்டி நுனிக்கூம்பாக்கி, அதற்குள் ஸ்பொஞ்சுக்கு நடுவே கெமராவைப் படுக்க வையுங்கள். லென்ஸ் மட்டும் ஓரமாக வெளியே எட்டி, கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஏவுதளமும் அதைச் சுற்றி நிற்கிற முகங்களும் சுருங்கிச் சுருங்கிப் போவது படமாகும். கெமரா நுனியில் இருப்பதில் இன்னொரு லாபம், பாரம் முன்னால் வந்து ரொக்கெட் நேராகப் போகும்.

அதைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. தண்ணீர் இல்லாத ரொக்கெட்டை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமமாகக் கிடையாக நிற்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நூலை ஒட்டிவிட்டு, வெளியில் நின்று தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னால் வைத்துப் பறந்தால் ஏவலாம். வாலால் போனாலோ குட்டிக்கரணம் அடித்தாலோ நுனியில் கொஞ்சம் களிமண் சேர்க்க வேண்டும், அல்லது வால் பக்கம் ஒட்டுகிற இறக்கைகளை, அதாவது செட்டையைப் பெரிதாக்க வேண்டும். செட்டை கோணலாக ஒட்டியிருந்தால் ரொக்கெட் சுழலும், வீடியோவைப் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். மகனை அடிமட்டத்தோடு உட்கார வையுங்கள்.

பரசூட்டுக்கு சொப்பிங் பேக் போதும். வட்டமாக வெட்டி, எட்டு நூல் கட்டி, தளர்வாக உட்கார்ந்த கூம்புக்குள் மடித்து வையுங்கள். உச்சியில் கூம்பு கழன்று விழும்போது அது வெளியே வரும். கூம்பையும் போத்தலையும் நூலால் பிணைக்க மறக்காதீர்கள். முதல் சில தடவை கெமராவுக்குப் பதிலாக அதே எடையில் களிமண் வைத்து விடுங்கள். பரசூட் ஒழுங்காக விரிகிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் கெமரா ஏற வேண்டும். சிவப்பு ரிப்பன் ஒன்றும் கட்டுங்கள். தேயிலைக்குள் விழுந்த சாமானைத் தேடி எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஈரமாக இருந்தால் அட்டை வேறு.

ஜனவரி நல்ல மாதம். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலை வானம் தெளிவாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மிஸ்ட் ஏறிவிடும், அதனால் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். மரக்கிளை அசையும் அளவு காற்று இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மைதானத்துக்குக் கிட்ட லக்ஷபான மின்நிலையப் பக்கத்திலிருந்து வருகிற உயர் அழுத்தக் கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் வேறு இடம்தான். கம்பியில் சிக்கிய ரொக்கெட்டை எடுக்க யாரும் ஏறக் கூடாது, கழி வைத்துத் தட்டவும் கூடாது. பெண்கள் கொழுந்து பறிக்கிற மலைக்கு மேலே விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கவலை இல்லை. முப்பது, நாற்பது மீட்டர் உயரம் போனாலே பக்கத்து மலை முகட்டுக்கு அப்பால் தெரிய ஆரம்பிக்கும். சுற்றிலும் எது தெரியும் என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் ஊகித்து எழுதச் சொல்லுங்கள், சிவனொளிபாதமலை வருமா வராதா என்று பந்தயம் வைக்கட்டும்.

சித்தப்பாவின் பழைய கெமரா என்னாவது? பறக்க வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். 110 பிலிமை இன்றும் லோமோகிராஃபி கம்பனி புதிதாகத் தயாரிக்கிறது. அவர் ஒரு கார்ட்ரிட்ஜ் கொண்டுவரட்டும், விமான நிலையத்தில் எக்ஸ்ரேக்குள் விடாமல் கையால் சோதிக்கக் கேட்கட்டும். தூரத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த லென்ஸ் அது. முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் மங்கும். மைதானத்துக்கு மேலே இருக்கிற மேட்டில் ஏறி, கீழே நிற்கிற குடும்பத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஆளுக்கு ஒரே ஒரு படம் எடுக்கட்டும். எண்ணி ஒன்று. பிலிமை அவர் கனடாவுக்கே கொண்டுபோய்க் கழுவட்டும். அவர் போய்ச் சில வாரம் கழித்து, முன்பு போலவே படங்கள் தபாலில் வரும், உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் காத்திருப்பு கிடைக்கும்.

சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். "அது முடியாது சித்தப்பா" என்று தொடங்காதீர்கள். "பிள்ளைகள் தண்ணீர் ரொக்கெட் செய்கிறார்கள், செட்டை எப்படி ஒட்டுவது, பரசூட்டை எப்படி மடிப்பது என்று சொல்லித்தர நீங்கள்தான் வர வேண்டும்" என்று கேளுங்கள். மகனையே வீடியோ கோலில் கேட்க வையுங்கள். பரசூட் மடிப்பது சிக்காமல் வருவதற்குப் பழகிய கை வேண்டும், அது அவரிடம் இருக்கிறது. ஏவுகிற கயிறு மட்டும் முதல் தடவை அவர் கையில் இருக்கட்டும்.

மைதானத்துக்கான அனுமதிக் கடிதத்தை டிசம்பரிலேயே தோட்டத்து ஒஃபிஸில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரும் காற்றும் மட்டும், தீயோ மருந்தோ இல்லை என்று அதில் தெளிவாக எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பொங்கல் வாரத்தில் மைதானத்தில் கிரிக்கெட் போட்டி இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறைக் கேளுங்கள்.