மூன்று நாளில் வெளியிடும் ஆய்விதழ் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு மூலிகையின் இலைச்சாறு சில பாக்டீரியாக்களைத் தடுக்கிறதா என்பது ஆய்வின் ஒரு பகுதி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. முதல் கட்டுரை ஒரு சந்தா இதழிலிருந்து (வாசகர் பணம் கட்டிப் படிக்கும் இதழ்) 'மேஜர் ரிவிஷன்', அதாவது பெரிய திருத்தம் தேவை, என்று திரும்பி வந்திருக்கிறது. கட்டுரையை மதிப்பிட்ட ஒரு ரிவ்யூவர் முன்னுரையை விரிக்கச் சொல்கிறார், இன்னொருவர் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். பயந்துபோய் இரண்டாவது கட்டுரையை, மின்னஞ்சலில் அழைப்பு வந்த, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓர் ஓப்பன் ஆக்ஸஸ் இதழுக்கு அனுப்பினேன். மறுநாளே ஏற்பு வந்துவிட்டது. 4,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுவார்களாம். "ஓப்பன் ஆக்ஸஸ் என்றாலே காசுக்குப் போடுவதுதான்" என்று நெறியாளர் கோபப்படுகிறார். நம்பகமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த கேர் பட்டியலும் இப்போது இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?

– ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில், அந்த 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள்.

மறுநாளே ஏற்பு வந்தது ஒன்றே போதும். ஒரு கட்டுரை முறையாகப் படிக்கப்பட வேண்டுமென்றால், இதழின் ஆசிரியர் முதலில் தானே பார்த்துப் பொருந்தாததை அங்கேயே திருப்பி அனுப்புவார். தேறியதற்குத் துறை அறிந்த இருவரைத் தேடுவார். கேட்பவர்களில் பலர் நேரமில்லை என்பார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள். இரண்டு பேர் கிடைக்க ஆறேழு பேரைக் கேட்க வேண்டிவருவது சாதாரணம். ஒப்புக்கொண்டவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத் தவணை. ஊதியம் இல்லாத வேலை என்பதால் அதையும் தாண்டிவிடும். மாதக்கணக்கில் ஆவது இதனால்தான். உங்கள் இரண்டாவது கட்டுரையை அங்கே யாரும் படிக்கவில்லை.

நெறியாளரின் கோபம் நியாயமானது, ஆனால் தவறான இடத்தில் பாய்கிறது. ஓப்பன் ஆக்ஸஸ் என்றால் அடிப்படையில் வாசகர் பணம் கட்டாமல் படிக்கலாம் என்பதுதான். ஓப்பன் ஆக்ஸஸை வரையறுத்த 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை அதோடு, நகலெடுக்கவும் பகிரவும் தடை இருக்கக் கூடாது என்றும் கேட்டது. எழுதியவரிடம் பணம் வாங்குவது அதற்கான செலவை ஈடுகட்டும் வழிகளில் ஒன்று. டோவாஜ் என்ற ஓப்பன் ஆக்ஸஸ் இதழ்ப் பட்டியலில் இருக்கும் இதழ்களில் பெரும்பான்மை, கட்டுரை எழுதியவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. பல்கலைக்கழகங்களும் கல்விச் சங்கங்களும் செலவை ஏற்கின்றன.

2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் செய்த சோதனையை நெறியாளரும் அறிந்திருக்கலாம். லைக்கன் என்ற பாசி-பூஞ்சைக் கூட்டுயிரியிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களைத் தடுக்கிறது என்று, வேண்டுமென்றே அடிப்படைப் பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 ஓப்பன் ஆக்ஸஸ் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கிட்டத்தட்ட உங்கள் துறைதான்! ஆனால் சந்தா இதழ் ஒன்றுக்குக்கூட அவர் அனுப்பவில்லை. ஏமாந்த இதழ்களில் பெரிய சந்தாப் பதிப்பகங்கள் நடத்துபவையும் இருந்தன. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ப்ளாஸ் ஒன் அதை நிராகரித்தது. இந்தச் சோதனையை ஓப்பன் ஆக்ஸஸ் மீதான தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது உண்மை. இனி நாமேதான் பார்க்க வேண்டும். எந்தப் பட்டியலையும்விட நான் நம்புவது, அந்த இதழில் ஏற்கெனவே வந்த கட்டுரைகளின் முதல் பக்கத்தை. அங்கே பெறப்பட்ட தேதி, திருத்தி வந்த தேதி, ஏற்கப்பட்ட தேதி இருக்கும். பத்துக் கட்டுரைகளை எடுத்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். எல்லாமே ஒரு வாரத்துக்குள் என்றால் விலகுங்கள். தேதியே போடாவிட்டால் இன்னும் சந்தேகப்படுங்கள். பிறகு ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கே தந்துள்ள முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். சம்மதம் இல்லாமலே பெயர் போடுவது இத்தொழிலில் சகஜம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், மதிப்பாய்வு பற்றிய பொய், கட்டணத்தை மறைத்தது ஆகியவற்றோடு இதுவும் ஒரு குற்றச்சாட்டு. 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

ஐஎஸ்எஸ்என் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது தொடர் வெளியீடுகளுக்கான அடையாள எண், தரச்சான்று அல்ல. ஆனால் ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது பயன் தரும். ஏனென்றால் உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு தளம் நடத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். இத்தகைய போலித் தளங்களின் முகவரிகள் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே நுழைந்துவிட்டதால், 2023 இறுதியில் இதழ்களின் முகப்பு இணைப்புகளையே ஸ்கோபஸ் எடுத்துவிட்டது. திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் இப்படிக் களவுபோன இதழ்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. பெரிய பெயரும் முழுப் பாதுகாப்பு இல்லை. வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி இதழ்கள், சிறப்பிதழ்கள் வழியே புகுந்த போலிக் கட்டுரைகளால் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்றன.

இப்போது உங்கள் முதல் கட்டுரை. மேஜர் ரிவிஷன் நிராகரிப்பு அல்ல. வேண்டாம் என்று நினைத்த ஆசிரியர் வேண்டாம் என்றே எழுதியிருப்பார். தனியாக ஒரு பதில் கோப்பு திறந்து, ரிவ்யூவரின் ஒவ்வொரு கருத்தையும் ஒரு சொல் விடாமல் ஒட்டுங்கள். அதன் கீழ் உங்கள் பதில், அதன் கீழ் மாற்றம் செய்த பக்கமும் வரி எண்ணும். "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அவர் மறுபடி முழுக் கட்டுரையையும் தேட வேண்டியிருக்கும், எரிச்சலில் புதுக் குறை கிளம்பும். இலைச்சாறுக் கட்டுரைகளில் வழக்கமாகக் கேட்பவை: செடியின் மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) வைத்தீர்கள், அங்கே பதிவான வவுச்சர் எண் என்ன; சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மட்டும் தனியாக வைத்த கட்டுப்பாட்டுச் சோதனை எங்கே; தெரிந்த ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டீர்களா; மூன்று முறை செய்த அளவுகளின் திட்ட விலக்கம் என்ன. டிஎம்எஸ்ஓவே பாக்டீரியாவை ஓரளவு தடுக்கக்கூடியது என்பதால் அந்தக் கேள்விக்குச் சமாதானம் எடுபடாது, சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும். தவணை போதாதென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

முரண்பட்ட இரண்டு கருத்துகளில் ஒன்றுக்கு ரகசியமாகக் கீழ்ப்படியாதீர்கள். முடிவெடுப்பவர் ஆசிரியர். முன்னுரையில் இன்ன இரண்டு பத்திகளைச் சுருக்கி, ஒருவர் கேட்ட முந்தைய ஆய்வுகளை மட்டும் சேர்த்தேன், காரணம் இது என்று இருவருக்குமான பதிலிலும் வெளிப்படையாக எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத கருத்தைச் சான்றுடன் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சந்தா இதழில் வந்தாலும் உங்கள் கட்டுரை எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம், செலவில்லாமல். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் அச்சுக்கோக்காத உங்கள் வேர்ட் கோப்பைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, சில ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்லும். ஷெர்பா ரோமியோவாக இருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் ஆகியிருக்கும் தளத்தில் இதழின் பெயரை இட்டால் விதி தெரியும். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். பதிப்பகத்தின் பிடிஎஃப்பை மட்டும் ஏற்றாதீர்கள், அதன் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்த பிறகு இதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். அது சேர்ந்த நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான் கதவைத் திறக்கிறது. அந்த மூலிகையைத் தினமும் கையாளும் சித்த மருத்துவருக்கும், பயிரிடும் விவசாயிக்கும் இல்லை. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வை அவர்கள் படிக்க முடியாமல் இருப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இன்றே அந்த இதழுக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பப் பெறக் கட்டணம் கேட்டு மிரட்டுவார்கள், கொடுக்க வேண்டாம். அங்கிருந்து விலக்கிய கடிதம் இல்லாமல் வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைச் சமர்ப்பிப்பு ஆகிவிடும் என்பதால் இது முக்கியம். அதையும் மீறி வெளியிட்டுவிட்டால், தேதியுள்ள அந்த மின்னஞ்சலை இணைத்து, அடுத்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நெறியாளரிடமும் இன்றே சொல்லுங்கள்.