பள்ளம் தவிர, சாலையில் பைக் ஓட்டுபவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

மணலுக்கு. என்னைக் கேட்டால் முதல் இடம் அதற்குத்தான். பள்ளம் பகலில் தூரத்திலேயே தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்து இறக்கி ஏற்றிவிடலாம். மணல் அப்படித் தெரியாது. அதிலும் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் சாம்பல் நிறம் தார்ச்சாலையோடு அப்படியே கலந்துவிடும். வேகத்தடையிலும் திருப்பத்திலும் லாரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும். அப்புறம் போகிற வருகிற வண்டிகளின் காற்று அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். சென்னைக் கத்திப்பாரா மாதிரி சுற்றி இறங்கும் மேம்பாலங்களில் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கவனித்துப் பாருங்கள், மணல் பட்டையாகப் படிந்திருக்கும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட நாம் ஒதுங்குவது சரியாக அதன் மேல்தான்.

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. வளைவில் சாய்ந்து போகும்போது அதன் பிடியில் பெரும்பகுதி திரும்புவதற்கே போய்விடுகிறது. அந்த நேரத்தில், மணல் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கி, சுதாரிப்பதற்குள் ஆள் கீழே கிடப்பார். பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது கை பிரேக்கைப் பிடித்தாலே முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். அதனால் பின் பிரேக்தானே என்று வளைவில் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல் மேல் ஏறிவிட்டீர்களா, சரி, பிரேக்கைத் தொடாமல் வண்டியை முடிந்தவரை நிமிர்த்தி, அதே வேகத்தில் கடந்துவிடுங்கள்.

அடுத்தது, புதுத் தார் போடுவதற்காகச் சுரண்டிப் போட்டிருக்கும் சாலை. நீளவாக்கில் கோடு கோடாக இருப்பதால் வண்டி இரண்டு பக்கமும் அலையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும், தளர்வாகப் பிடித்துச் சீராகப் போங்கள். உண்மையான ஆபத்து, சுரண்டிய பாதிக்கும் சுரண்டாத பாதிக்கும் நடுவே நிற்கும் படிதான். இரண்டு விரல் உயரம் போதும். பக்கவாட்டில் உரசியபடியே ஏறப் பார்த்தால் டயர் படியை ஒட்டியே ஓடும், வண்டி சாய்ந்துவிடும். நன்றாக வேகம் குறைத்து, படியைக் கொஞ்சம் குறுக்காகப் பார்த்துத் திருப்பி ஏற வேண்டும். தாரை விட்டு மண்ணில் இறங்கியவர்கள் மறுபடி ஏறுவதற்கும் இதே வழிதான். இப்படிச் சுரண்டிவிட்டு, ஒரு ஒளிரும் பலகைகூட வைக்காமல் நாள் கணக்கில் போட்டுவைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

மழைக்காலத்தில் வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், பாலத்து இணைப்பு இரும்புகள் எல்லாமே வழுக்கும். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் தார் மேல் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் குழைந்து மிதக்கும். கொஞ்ச நேரம் நின்று, மழை அதைக் கழுவிய பிறகு கிளம்புவது நல்லது.

கிராமத்துச் சாலைகளில் கொள்ளு, உளுந்து, சோளம் என்று அறுவடை நேரத்தில் செடியோடு பரப்பியிருப்பார்கள். களம் இல்லாத ஊரில் விவசாயி வேறு எங்கே போவார்? களம் கட்டித் தந்தால்தான் இது தீரும். ஆனால் உதிர்ந்த கொள்ளு உருண்டு ஓடும், செடியின் தண்டு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இரவில், தானியக் குவியலைச் சுற்றி வைத்த கருங்கற்கள் ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலைகளில் இருட்டிய பிறகு நாற்பதைத் தாண்டாதீர்கள்.

புகார் சொல்ல, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913. மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளுக்கு 2023-இல் வந்த ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது, அதில் பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வருகிறவர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.