காரா, கையா? படிவம் 4 தாளை நிரப்பும் முன்

அம்மா,

ஃபார்முலா 1 ஓட்டுநராகத்தான் ஆவேன் என்று உங்கள் மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். படிவம் 4-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளை மேசையில் போட்டுவிட்டு, "கார் ஓட்ட எதற்கு இயற்பியல்?" என்கிறான். செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் அவன் அப்பாவோ, "கப்பை ஓட்டுநர்தானே தூக்குகிறான்" என்று மகன் பக்கம் பேசுகிறார். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த உங்கள் கடிதத்தின் சாரம் இதுதான். வெல்வது காரா, ஓட்டுநரின் கையா? அப்பாவின் பேச்சிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தாளை நிரப்பும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

2008-இல் ஜென்சன் பட்டன் ஹோண்டா காரில் வருடம் முழுக்க ஓட்டி எடுத்தது 3 புள்ளி. அந்த டிசம்பரில் ஹோண்டா கடையைக் கட்டியது. அதே தொழிற்சாலை மறு வருடம் பிரான் ஜிபி என்ற பெயரில் வந்தது. பட்டன் முதல் 7 பந்தயங்களில் 6-ஐ வென்றார், உலகப் பட்டமும் அவருக்கே. நான்கு மாதத்தில் கை திருந்திவிடுமா? காரின் அடித்தட்டுக்குப் பின்னால் காற்று போகும் வழியை இரண்டு அடுக்காக்கியிருந்தார்கள். கார் தரையோடு அழுந்தி, வளைவில் மற்றவர்களைவிட வேகமாகத் திரும்பியது. எஞ்சினும் மெர்சிடிஸுக்கு மாறியிருந்தது.

இன்னொன்று, 2020-இல் பஹ்ரைனில் நடந்த சாகிர் பந்தயம். வில்லியம்ஸ் காரில் அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத ஜார்ஜ் ரஸ்ஸல், கோவிட் வந்த சாம்பியன் ஹாமில்டனுக்குப் பதிலாக ஒரு வாரம் மெர்சிடிஸில் உட்கார்ந்தார். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் இரண்டாமிடம். முதலிடத்துக்கும் அவருக்கும் 0.026 விநாடிதான் வித்தியாசம். பந்தயத்திலும் முன்னால் ஓடினார். டயர் மாற்ற நிறுத்தும் பிட்டில் ரேடியோ கோளாறு. சக ஓட்டுநர் போத்தாஸின் டயர்களை இவர் காரில் மாட்டிவிட்டார்கள். மாற்றுவதற்கு மறுபடி உள்ளே வரவேண்டியதாயிற்று. பிறகு ஒரு டயரில் காற்றும் இறங்கியது. முடித்தது 9-ஆம் இடத்தில். தூக்கிவிட்டதும் குழுதான், இறக்கிவிட்டதும் குழுதான்.

அதற்காக ஓட்டுநர் சும்மா என்றும் சொல்ல முடியாது. ஒரே காரில் ஓட்டும் இருவரை ஒப்பிட்டால் கை தெரிந்துவிடும். நம் மலேசியாவின் முதல் ஃபார்முலா 1 (எஃப்1) ஓட்டுநர் அலெக்ஸ் யூங் 2002-இல் மினார்டி காரில் மெல்பர்னில் 7-ஆவதாக வந்தார். நல்ல முடிவுதான், ஆனால் அப்போது முதல் 6 பேருக்கே புள்ளி. அதே காரில் மார்க் வெப்பர் 5-ஆவது, 2 புள்ளி. அதே ஆண்டு யூங் மூன்று பந்தயங்களுக்குத் தகுதியே பெறவில்லை. முதலிடத்தின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் வரவேண்டும் என்பது விதி. முதல் கார் 80 விநாடி என்றால் எல்லை 85.6. 2024-இல் ரெட்புல்லில் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி, பெரெஸ் 152. வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம், குழுவுக்கு மூன்றாமிடம். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையான முடிவுகளைப் பிரித்துப் பார்த்ததிலும் குழுவின் பங்கே பெரிதாக நின்றது. மழையிலும் தெருத்தடங்களிலும்தான் ஓட்டுநரின் பங்கு கொஞ்சம் கூடலாம் என்றார்கள்.

இனி மகன் கணக்கு. ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கினார், வெர்ஸ்டாப்பன் நான்கரையில். எஃப்1 உரிமத்துக்கு 18 வயதும், மூன்று ஆண்டுகளில் சிறிய பந்தயத் தொடர்களில் சேர்த்த 40 புள்ளியும் வேண்டும். எஃப்1-க்கு முந்தின படியான எஃப்2-இல் ஒரு சீசனுக்கே மில்லியன் கணக்கில் யூரோ போகிறது. லயத்து வீட்டை விற்று அனுப்பும் காசு இல்லை இது. விற்க அந்த வீடும் நம்முடையது இல்லை. 15 வயதில், இதுவரை கார்ட்டில் உட்காராத பையனுக்கு இந்தக் கதவு ஏறக்குறைய சாத்திவிட்டது. இதை அவனிடம் நேராகவே சொல்லுங்கள், கேலியாக வேண்டாம்.

ஓட்டுநர் இருக்கை மொத்தம் இருபது சொச்சம்தான். பெரிய குழு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுக்கு ஒருவர், பழைய சக்கரத்தை இழுக்க ஒருவர், புதியதை மாட்ட ஒருவர். நான்கு சக்கரத்துக்கு 12 பேர், ஜாக்கி போடுவோர் தனி. 2023 கத்தாரில் மெக்லாரன் இதை 1.80 விநாடியில் முடித்தது. 2021 மொனாக்கோவிலோ, நட்டு கழற்றும் கருவி கொஞ்சம் சாய்ந்து பிடித்து நட்டின் பற்களைச் சீவிவிட்டது. இரண்டாவதாக ஓடிய போத்தாஸின் பந்தயம் அங்கேயே முடிந்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோன பிறகுதான் சக்கரம் கழன்றது. மோட்டார் சைக்கிளில் போல்ட்டை நேராகப் பிடிக்காமல் முடுக்கி மரை கெடுத்த பையனுக்கு இது உடனே புரியும்.

அப்பாவுக்குப் புரிகிற உதாரணமும் உண்டு. மெர்சிடிஸுக்கு எண்ணெய் தருவது நம் பெட்ரோனாஸ். பந்தய வாரத்தில் எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து, அதில் இரும்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று தடத்திலேயே பார்க்கிறார்கள். ஒரு உலோகம் திடீரென ஏறினால், அந்த உலோகத்தால் ஆன பாகம் தேய்கிறது என்று அர்த்தம். எஞ்சின் வெடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். செம்பனை ஆலை லேப்பில் எண்ணெயின் அமில அளவைப் பார்ப்பதற்கு இது தூரத்துச் சொந்தம். இந்த வேலைக்கு வேதியியல் வேண்டும்.

ஆகவே தாளில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றையும் எழுதுங்கள். கூடுதல் கணிதத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள், அதுவும் படிவம் 4-இன் முதல் சில மாதங்களில். காரணம் பெரும்பாலும் பழைய இயற்கணிதம் கைக்கு வராததுதான். பள்ளி விடுமுறையில் படிவம் 2, 3 கணக்குகளை மறுபடி போடவையுங்கள். முதல் தேர்வில் 20 வந்தால் பாடத்தை விட வேண்டாம்; இரண்டாம் தேர்விலும் ஏறாவிட்டால் ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள். மலாய், வரலாறு இரண்டிலும் தேர்ச்சி இல்லையென்றால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழே கிடைக்காது, பந்தயப் பைத்தியங்கள் கோட்டை விடுவது அங்கேதான். ஆங்கிலமும் முக்கியம், பாதிக்கு மேற்பட்ட குழுக்கள் இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.

ஏட்டில் நாட்டம் இருந்தால் மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம்., பிறகு இயந்திரப் பொறியியல். கார் கட்டும் மாணவர் அணி உள்ள பல்கலைக்கழகமாகப் பாருங்கள்; வேலைக்கு எடுப்பவர்கள் மதிப்பெண்ணோடு அதையும் கேட்பார்கள். கையில் நாட்டம் இருந்தால் ஈப்போ போலிடெக்னிக்கோ, எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழின் நிலை 3 தரும் பயிற்சி நிலையமோ போதும்; வெல்டிங்கும், கணினி வழி உலோகம் கடையும் சி.என்.சி.யும் தெரிந்தவன் பந்தயம் கிடைக்காவிட்டாலும் சும்மா இருக்க மாட்டான். பெயரில் 'மோட்டார்ஸ்போர்ட்' என்று போட்டு வரும் தனியார் டிப்ளோமாவைக் கண்டால் முதலில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.க்யூ.ஏ. பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கிப் படித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

தாளைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு வேலை கொடுங்கள். ஏதாவது ஒரு பந்தயத்தின் தகுதிச் சுற்று நேரங்களை எடுத்து, ஒரே குழுவின் இரு ஓட்டுநர்களுக்கு இடையே எத்தனை விநாடி, முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இடையே எத்தனை விநாடி என்று அவனே கழித்து எழுதட்டும். ஒரு சுற்றில் 0.3 விநாடி வித்தியாசம் என்றால் பஹ்ரைனின் 57 சுற்றுக்கு எவ்வளவு என்று பெருக்கவும் சொல்லுங்கள். விடை 17.1. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாடத் தாளை நிரப்பட்டும்.