இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம்

கேள்வி: சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏ.ஐ.எஸ்.எச்.இ.க்கு (மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு) கொடுத்த மாணவர் எண்ணிக்கையும் என்.ஐ.ஆர்.எஃப்.க்கு (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை. அந்தத் தளங்களின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் இரண்டையும் சமன்செய்து தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் எண்ணைத் திருத்தப் போவதில்லை, பொருந்துகிற மாதிரி எழுதப் போகிறார். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் உங்கள் முதல்வரும்தான். அவர் அதற்குள் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். என்.ஐ.ஆர்.எஃப்.க்குக் கொடுத்த தரவைக் கல்லூரியின் சொந்த இணையதளத்திலும் போட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் எண்கள் வேறுபடுவதில் தப்பே இல்லாமலும் இருக்கலாம். ஏ.ஐ.எஸ்.எச்.இ. ஒரு கணக்கெடுப்பு. 2010-11 முதல் நடக்கிறது. குறிப்பிட்ட ஒரு தேதியில் பெயர்ப்பதிவில் இருக்கிறவர்களை, பிஎச்.டி. மாணவர்கள் உட்பட, எண்ணச் சொல்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். படிப்புக் காலம் வாரியாகக் கேட்கிறது. பிஎச்.டி.க்குத் தனி அட்டவணை. கேட்பதே வேறு என்னும்போது எண் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

பொறியியல் கல்லூரிகள் எப்போதும் சறுக்குவது லேட்டரல் என்ட்ரியில். ஒரு பிரிவில் 2021-இல் முதலாண்டில் 60 பேரும், அடுத்த வருடம் டிப்ளமோ முடித்த 6 பேர் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேர்ந்ததாக வையுங்கள். ஏ.ஐ.எஸ்.எச்.இ. தலைக்கணக்கில் 66 பேரும் வருவார்கள். என்.ஐ.ஆர்.எஃப்.பின் பட்டம் முடித்தோர் அட்டவணையில் 60 முதலாண்டுக் கட்டத்துக்கும், 6 லேட்டரல் கட்டத்துக்கும் போக வேண்டும், அந்த ஆறும் அவர்கள் சேர்ந்த வருடக் கணக்கில். 60-உடன் கூட்டி 66 என்று எழுதி, லேட்டரல் கட்டத்திலும் 6 போட்டால் ஆறு பேர் இரண்டு முறை எண்ணப்படுவார்கள், தேர்ச்சி விகிதம் சரியும். 66 பேரில் 63 பேர் பட்டம் வாங்கியிருக்க, லேட்டரல் கட்டத்தைக் காலியாக விட்டால், 60 பேர் சேர்ந்து 63 பேர் பட்டம் வாங்கியதாக வந்து நிற்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

வேலைவாய்ப்பு எண்ணில் ஒன்றே ஒன்று: ஆஃபர் கடிதங்களை எண்ணாதீர்கள், மாணவர்களை எண்ணுங்கள். மூன்று கடிதம் வாங்கினாலும் அவர் ஒருவர்தான். சம்பளத்துக்குக் கேட்பது இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்), சராசரி அல்ல.

ஒரே மாணவரை ஏ.ஐ.எஸ்.எச்.இ.க்கு ஒரு தடவை, என்.ஐ.ஆர்.எஃப்.க்கு ஒரு தடவை, தரச்சான்று தரும் என்.ஏ.ஏ.சி.க்கு ஒரு தடவை, தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.க்கு ஒரு தடவை எண்ணச் சொல்வது ஆசிரியரின் பாட நேரத்தைத் திருடுவதுதான். இந்தக் குழப்பம் இருக்கிறவரை கன்சல்டன்ட்களுக்குப் பிழைப்பு இருக்கும்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்? துறைத் தலைவர்கள் அனுப்பும் எக்செல்லை ஒதுக்கிவிட்டு, அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். கணக்கெடுப்புத் தேதியன்று இருந்த பட்டியலை அப்படியே நகலெடுத்துப் பூட்டி வையுங்கள், அப்புறம் அதைத் தொடக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்று ஒரு வரி எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாஸ்வேர்டு ஏற்கெனவே அந்த ஆளிடம் போயிருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள்.