தொலைவும் இடப்பெயர்ச்சியும்: ஏற்காட்டு மலைப்பாதையை முன்வைத்துச் சில கேள்விகள்

கேள்வி (ஒரு தாய், அம்மாபேட்டை): ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 30 கி.மீ. என்று எழுதினான். ஆசிரியர் தவறு என்று அடித்துவிட்டார். ஏன், ஐயா?

பதில்: ஆசிரியர் திருத்தியது சரியே. 30 கி.மீ. என்பது பேருந்தின் சக்கரங்கள் உருண்ட பாதையின் முழு நீளம்; அதுவே தொலைவு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு ஒன்றை வரைந்தால், அதன் நீளமும் அது நோக்கும் திசையும் சேர்ந்ததே இடப்பெயர்ச்சி. அந்தக் கோடு ஏறக்குறைய பாதி நீளமே இருக்கும். வடக்கும் வடகிழக்கும் கலந்த திசையில், சற்றே மேல்நோக்கிச் செல்லும்.

மீதி நீளத்தில் ஒரு பெரும் பகுதியை மலைப்பாதை எடுத்துக்கொள்கிறது. அடிவாரத்துக்கு மேலே உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் விவரம் வேறாக இருக்கிறது. ஒரு வளைவை 10 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டமாகக் கொள்வோம். அதில் பேருந்து கடக்கும் தொலைவு 31.4 மீட்டர், இடப்பெயர்ச்சி 20 மீட்டர், வேறுபாடு 11.4 மீட்டர்தான். இருபது வளைவுகளையும் கூட்டினாலும் கால் கிலோமீட்டர்கூட வராது. வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள சாலையைச் சேர்த்துப் பாருங்கள். முன்னே 200 மீட்டர் கிழக்காகவும், பின்னே 200 மீட்டர் மேற்காகவும் சாலை செல்வதாகக் கொண்டால், தொலைவு 431.4 மீட்டர் ஆகிறது. ஆனால் கிழக்கே சென்றதை மேற்கே வந்தது அழித்துவிடுவதால், ஏற்றத்தைத் தவிர்த்துப் பார்த்தால் இடப்பெயர்ச்சி அதே 20 மீட்டர்தான். செங்குத்தான சரிவில் வண்டி நேராக ஏற முடியாது என்பதால், சாலை போட்டவர்கள் இந்தக் கூடுதல் நீளத்தைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி (மாணவர், சூரமங்கலம்): இடப்பெயர்ச்சி தொலைவைவிட அதிகமாக வருமா?

பதில்: ஒருபோதும் வராது. திரும்பாமல் ஒரே நேர்கோட்டில் சென்றால் மட்டும் இரண்டும் சமமாகும்.

கேள்வி (வேன் ஓட்டுநர், கொண்டலாம்பட்டி): காலையில் ஏற்காடு போய், மாலையில் அதே ஸ்டாண்டுக்குத் திரும்பினால் இடப்பெயர்ச்சி சுழி என்கிறாள் என் மகள். அப்படியானால் டீசல் எங்கே போயிற்று, ஐயா?

பதில்: உங்கள் மகள் சொல்வது முற்றிலும் சரி, உங்கள் கேள்வியும் மிக நல்ல கேள்வி. புவியீர்ப்பு விசை செய்யும் வேலை உயர வேறுபாட்டை மட்டுமே பொறுத்தது. அடிவாரம் வழியே ஏறினாலும் குப்பனூர் வழியே ஏறினாலும் அது ஒன்றே. ஏறி இறங்கினால் மொத்தம் சுழி. ஆனால் என்ஜினுக்குள் ஏற்படும் உராய்வும், டயரின் உருளல் தடையும், காற்றின் தடையும் வழிநெடுக ஆற்றலைத் தின்கின்றன. ஏறும்போது டீசல் கொடுத்துச் சேர்த்த ஆற்றலும், இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஆகவே டீசல் கணக்குக்குத் தொலைவைத்தான் பார்க்க வேண்டும். பாதை எவ்வளவு செங்குத்தானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி (அதே மாணவர்): விடையில் கழித்தல் குறி வந்தால் தவறா?

பதில்: தவறில்லை. கிழக்கை நேர்க்குறியாகக் கொண்டிருந்தால், −50 மீட்டர் என்பது மேற்கே 50 மீட்டர். எந்தத் திசையை நேர்க்குறியாக எடுத்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.