1950, 60களின் தமிழ்ப் படங்களை இந்தக் காலப் பிள்ளைகளுக்குக் காட்ட எதிலிருந்து தொடங்கலாம்?

அந்தப் பிள்ளைக்கு இப்போது எந்த வகைப் படம் பிடிக்கிறதோ அதிலிருந்துதான்.

என் அக்கா மகன் துப்பறியும் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறவன். கருப்பு வெள்ளை என்றதும் முகத்தைச் சுளித்தான். அவனுக்கு 'அந்த நாள்' (1954) போட்டேன். படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். "மாமா, ஹீரோ இப்பவே செத்துட்டாரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவன் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

போர்க்காலச் சென்னை. கொலையை விசாரிக்க வரும் அதிகாரி ஜாவர் சீதாராமன். திரைக்கதை, வசனமும் அவரே. தம்பி, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்ப, ஒரே கொலை நம் கண்முன் வேறு வேறு விதமாக நடக்கிறது. பாட்டே கிடையாது. முதல் படமான 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில் சிவாஜி இப்படி ஒரு வேடத்துக்கு ஒத்துக்கொண்டாரே, அது பெரிய விஷயம். எப்படிப்பட்ட வேடம் என்று சொல்ல மாட்டேன். இயக்கிய எஸ். பாலச்சந்தரை வீணை வித்வானாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிவந்தபோது வசூலில் தோற்றது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

சிரிப்புப் படம்தான் வேண்டும் என்றால் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை முதலில் தனியாகக் காட்டுங்கள். பிள்ளைகள் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை பாலையாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் செய்வதெல்லாம் கேட்பது மட்டுந்தான். ஆனால் கண் உருள்வதும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுவதும்... பாதிச் சிரிப்பு அவர் முகத்தில்தான் இருக்கிறது.

மாயாஜாலம் பிடித்த சின்னப் பிள்ளைகளுக்கு 'மாயா பஜார்' (1957). 'கல்யாண சமையல் சாதம்' பாட்டுக்கே கடோத்கஜனாக வரும் ரங்காராவோடு ஒட்டிக்கொள்வார்கள். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரங்களை எல்லோரும் புகழ்கிறார்கள், நியாயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய மாயம் சாவித்திரி. கடோத்கஜன் மணப்பெண் உருவம் எடுத்தபின், அதே முகம், அதே புடவை. நடையும் பார்வையும் மட்டும் அரக்கனுடையது.

'பாச மலர்' (1961) அருமையான படம், ஆனால் அதை அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். சிவாஜியும் சாவித்திரியும் பழக்கமான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.