கோர்ஸ் முடித்த நாய்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 8 மாதம் ஆகிறது. மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் 45 நாள் விட்டு, ஒபீடியன்ஸ் கோர்ஸ் முடித்துவிட்டோம். அங்கே சொன்னதெல்லாம் செய்தது. வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை, கதவைத் திறந்தால் தெருவுக்கு ஓடுகிறது, வருகிறவர்கள் மேல் பாய்கிறது. டிரெயினர் ஒருநாள் வந்தார், அவர் சொன்னால் மட்டும் கேட்கிறது! “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்கிறார் அப்பச்சி. மறுபடி அனுப்பலாமா, கட்டிய பணம் தண்டமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ‘முடித்துவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நாம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்தாயிற்று, ஹையர் முடித்தாயிற்று. இந்தியில் பிராத்மிக் முடித்தாயிற்று. பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் முடித்தாயிற்று. மண்டபம், வீடியோ, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போய்விடும். அந்தக் குழந்தை ஏழெட்டு வருஷம் கால் வலிக்கத் தட்டியதெல்லாம் ஒரு சாயங்காலத்துக்கு என்று ஆகிவிடுகிறது. இனிமேல்தான் அவள் ஆட வேண்டும், வாரம் ஒருநாளாவது ஆடவிடுங்கள் என்று முன்பொரு முறை இந்தப் பக்கத்தில் எழுதினேன். பெற்றோர் பலருக்குக் கோபம். ஒருவர் சந்தாவையே நிறுத்திவிட்டார். அவருக்கு என் பதில் இன்றும் அதேதான்.

சரி, நாய்க்கு வருகிறேன். 45 நாளில் உங்கள் நாய் கற்றது வீண் இல்லை. ஆனால் அது கற்றது என்ன? அந்த மைதானத்தில், அந்த மனிதர், அந்தக் குரலில் சொல்லி, கையை இப்படி உயர்த்தினால், பின்பக்கத்தைத் தரையில் வைக்க வேண்டும், வைத்தால் வாயில் ஒரு தின்பண்டத் துண்டு விழும். அவ்வளவுதான். மைதானத்தில் கற்றதை நம் வீட்டு வளவுக்கும் தெருவுக்கும் பொருந்தும் என்று நாய் தானாக எடுத்துக்கொள்வதில்லை. இடம் மாறினால், ஆள் மாறினால், அங்கேயும் சொல்லித்தர வேண்டும். பிறகு வீட்டில் அந்தத் துண்டும் நின்றுபோயிருக்கும். மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாய்களைப் பற்றி எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். சாப்பாடு வராமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் அந்த எச்சில் குறைந்து நின்றுவிடும் என்பதையும் அந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ்தான் காட்டினார். இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம்.

டிரெயினர் சொன்னால் கேட்கிறது என்பதில் உங்கள் மனம் புண்பட்டிருப்பது தெரிகிறது. புண்பட வேண்டாம். 2020-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. நாய்களை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். 8 மாதத்தில் அவை வளர்த்தவர் சொல்லைத் தட்டின. முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன. விடலைப் பருவம். உங்கள் நாயின் வயது சரியாக அதுதான். இது கடந்துபோகும், ஆனால் நீங்கள் விடாமல் இருந்தால்.

இந்தப் பருவத்தில்தான் நம்மூரில் நாய்க்கு அடி விழுகிறது. அடியாத மாடு படியாது என்று யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார். அந்தப் பழமொழியோடு எனக்கு நெடுநாள் சண்டை. அதைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் பிரம்பு எடுத்தார்கள், வண்டிமாட்டுக்குத் தார்க்குச்சி போட்டார்கள். அடி வாங்கிய நாய் படிவதில்லை. பயந்து ஒதுங்கும், இல்லாவிட்டால் ஒருநாள் உறுமாமலே கடிக்கும், ஏனென்றால் உறுமியதற்குத்தான் முன்பு அடித்தோம். விலங்குகளின் நடத்தையையே தொழிலாகப் பார்க்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெகுமதி கொடுத்துப் பழக்குவதே முறை, ஷாக் காலர், முள் காலர், அடி எதுவும் கூடாது. ஷாக் காலரை மெச்சி எனக்குக் கடிதம் எழுதுகிற நண்பர்களே, ஓர் உயிரின் கழுத்தில் மின்சாரம் வைக்கிற யோசனைக்கு இந்தப் பத்திரிகையில் இடமில்லை.

அப்பச்சியின் பழமொழிக்கும் ஒரு வார்த்தை. வாலை யார் நிமிர்த்தச் சொன்னது? அது எலும்பிலும் தசையிலும் வந்தது. கதவைத் திறந்தால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பது வாலில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

அந்த வழக்கத்தைக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் வெளியூரில், கல்யாணம், பொங்கல், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவரும் ஒரு நாட்டு நாயும்தான் அங்கே. விடிகாலையில் அவர் சாவிக்கொத்தோடு நிலைப்படிக்கு வருகிறார், நாய் பின்னால் வருகிறது. தாழ்ப்பாளில் கையை வைத்து அப்படியே நிற்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. நாய் உட்காருகிறது. கதவை ஒரு சாண் திறக்கிறார். நாய் எழுந்தால் கதவு மூடிக்கொள்கிறது. மறுபடி உட்கார்ந்தால் மறுபடி திறக்கிறது. முழுக்கத் திறந்து, அவர் தெருவில் இறங்கித் திரும்பி “வா” என்ற பிறகுதான் அது படி தாண்டியது. குட்டியாக இருந்ததிலிருந்து தினம் இப்படித்தானாம், மழை நாளிலும். கோர்ஸ் என்ற பேச்சே இல்லை. பொங்கலுக்கு வந்த வீட்டுப் பிள்ளை அந்த நாயைக் கூப்பிட்டால் அது பெரியவர் முகத்தைப் பார்க்கிறது. பார்க்கத்தானே செய்யும்!

இப்போது உங்கள் வீட்டுக்கு. யார் என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். டிரெயினர் ‘சிட்’ என்று பழக்கியிருப்பார். அப்பச்சி ‘உட்காருடா’ என்பார். அப்பத்தா ‘ஏ, சும்மா கெட’ என்பார். பையன் ‘சிட் சிட் சிட் சிட்’ என்று நாலு தடவை சொல்வான். முதல் மூன்றுக்கும் அர்த்தமில்லை என்று நாய் புரிந்துகொள்ளும். ஒரு சொல், ஒரு தடவை, எல்லாரும் அதே சொல். தமிழிலேயே வையுங்கள், ஏனென்றால் அப்பத்தாவுக்கும் அது தடுக்காமல் வரும்.

இன்னொன்று கேட்கிறேன், எங்கே நின்று உட்காரச் சொல்கிறீர்கள்? உங்களுடையது ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடாக இருந்தால், அந்தப் பளபளப்பில் லாப்ரடாரின் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். உட்காருவது அதற்குச் சிரமம், எழுந்திருப்பது அதைவிடச் சிரமம். அதை நாம் திமிர் என்கிறோம். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம் என்பதால் எனக்கு இதில் கவலை அதிகம். ஒரு பழைய ஜமுக்காளத்தையோ சாக்கையோ விரித்து அதன் மேல் சொல்லிப் பாருங்கள். பாதி வீடுகளில் கீழ்ப்படியாத நாய் அன்றைக்கே கீழ்ப்படிந்துவிடும்.

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சோற்றுத் தட்டை வைக்கும்போது, கயிறு மாட்டும்போது, கதவைத் திறக்கும்போது, விருந்தாளி வரும்போது, அந்தந்த இடத்தில் ஒன்றிரண்டு நிமிஷம். முதலில் சொன்னபடி செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் துண்டு. பழகிய பிறகு சில தடவை கொடுத்து, சில தடவை தட்டிக்கொடுத்து விட்டுவிடுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் ஊன்றி நிற்கும். துண்டு என்றால் உப்புக்கூடப் போடாமல் வேகவைத்த கோழி. நம் குழம்பிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். சின்ன வெங்காயம் இல்லாமல் நமக்குச் சமையல் இல்லை, வெங்காயமோ நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பும் வேண்டாம், அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அத்தனை வருஷமும் இது நடக்க வேண்டும். கசப்பாக இருந்தால் நாய் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லத் தயங்க மாட்டேன். வைரவன்பட்டியிலும் இலுப்பைக்குடியிலும் வைரவரைக் கும்பிடுகிற சீமை இது. அவருக்கு வாகனமே நாய். அவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்து வீட்டு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சொன்னால் கேட்கிற நாய்க்குச் சங்கிலி தேவையில்லை. அது வளவில் நடமாடலாம், கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் ஓர் ஓரமாகப் படுத்திருக்கலாம். கீழ்ப்படிதலால் அந்த நாய்க்குக் கிடைப்பது இந்தச் சுதந்திரம்தான்.

மறுபடி அனுப்ப வேண்டாம். அதே டிரெயினரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கதவைத் திறக்க வேண்டியவர் நீங்கள், தட்டை வைக்க வேண்டியவர் அப்பத்தா, விருந்தாளியாக வந்து நிற்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். டிரெயினர் உங்களைத் திருத்தட்டும். அதுவரை வாசல் திறக்கும்போதெல்லாம் நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு நீளக் கயிறு இருக்கட்டும், மறுமுனை உங்கள் கையில். ஒரே ஒரு தடவை தெருவில் இஷ்டத்துக்கு ஓடிவிட்டால், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக உங்கள் கையில் எந்தத் துண்டும் இல்லை.